பொம்மை விமான நிலையம்: லென்ஸா, மென்பொருளா?

ஓடுபாதை34:
போன வாரம் டோக்கியோவில் ஐந்து நாள். ஹனேடா விமான நிலையத்தின் முதல் முனையத்தில், பார்வையாளர் மாடியில் ஒரு காலை முழுக்க நின்றேன். மறுநாள் டோக்கியோ டவரின் 150 மீட்டர் தளம். வாடகைக்கு எடுத்த 90 எம்எம் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸில் (கேமராவில் மாட்டியபடியே சாய்க்கக்கூடியது) எடுத்த ஒன்பது பொம்மை உலகப் படங்களை, அதாவது நிஜ இடம் பொம்மை மாதிரித் தெரியும் படங்களை, இங்கே போட்டிருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: போன் ஆப்பில் மேலும் கீழும் மங்கலாக்கிவிட்டு அதற்கு டில்ட்-ஷிஃப்ட் என்று பெயர் வைக்காதீர்கள். லென்ஸ் சாய்ந்து வருவது வேறு, விரலால் தேய்த்து வருவது வேறு.

மூன்றாம்கண்:
படங்கள் அருமை அண்ணா. ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொம்மையாகத் தெரிவது லென்ஸில் நடப்பதில்லை, நம் தலைக்குள் நடக்கிறது. முழுச் சட்டகக் கேமராவில் சாதாரணமாக 90 எம்எம் லென்ஸைச் சாய்க்காமல், துளையை எஃப் 2.8 அளவுக்கு அகலத் திறந்து வைத்துத் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், சுமார் 100 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிற விமானத்தைச் சுற்றி மங்கல் இருந்தால், இது கைக்கெட்டும் தூரத்துச் சின்னப் பொருள் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. மங்கல் கண்ணாடியில் வந்ததா கணினியில் வந்ததா என்று அதற்குத் தெரியாது. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படத்தின் குறுக்கே சீராகக் கூடிக்கொண்டே போகும் மங்கல், ஒவ்வொரு பொருளின் தூரத்தையும் கணக்கிட்டுப் போட்ட மங்கலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்தது. போட்டோஷாப்பில் 2012இலேயே இதற்கென்று கருவி வந்துவிட்டது. வாடகை எதற்கு?

ஓடுபாதை34:
தம்பி, அது சமதரைக்குச் சரி. ஊருக்குள் உயரமான கட்டடங்கள் இருக்கின்றனவே. ஒரே தூரத்தில் இருக்கிற கட்டடத்துக்கு அடி தெளிவு, உச்சி மங்கல் என்று மென்பொருள் வெட்டிவிடுகிறது. லென்ஸ் அப்படிச் செய்யாது.

மூன்றாம்கண்:
செய்யும். உங்கள் நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த போயிங் 777 விமானத்தின் ஜன்னல்களை எண்ணிவிடலாம், அவ்வளவு கூர்மை. ஆனால் வாலின் மேல்பாதி கரைந்துவிட்டது. தரையிலிருந்து வால் நுனிவரை 18.5 மீட்டர். லென்ஸைச் சாய்த்ததும் தெளிவான தளம் ஒரு பலகை மாதிரி கேமராவிலிருந்து நீண்டு போகிறது. பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது மங்கும். 1904இல் ஆஸ்திரியாவின் ஷெய்ம்ப்ஃப்ளுக் காப்புரிமை வாங்கிய அதே வடிவியல்தான். வழக்கமாக அந்தச் சாய்வு தரை முழுவதையும் தெளிவாக்கத்தான் பயன்படும். நாம் எதிர்ப்பக்கம் சாய்த்து மங்கலை வாங்குகிறோம். கணினியில் என்றால் அந்த வாலை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது மங்கல் படாமல் மறைத்து, மீட்டிருப்பேன்.

ஓடுபாதை34:
பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஏழாவது படத்தையும் பாருங்கள், இருட்டும் நேரத்தில் எடுத்தது. விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் தடத்தின் நீல விளக்குகள் ஒவ்வொன்றும் மங்கலுக்குள்ளேயும் ஒளி குறையாத வட்டமாக நிற்கின்றன. தெளிவான படத்தைப் பிறகு மங்கலாக்கும்போது விளக்கின் ஒளி, கேமரா பதியக்கூடிய உச்சத்தில் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பரப்பினால் சாம்பல் கறைதான் மிஞ்சும். இரவுப் படத்துக்கு லென்ஸ்தான், இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மூன்றாம்கண்:
இரவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அளவில் எடுத்த பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் நகர்கிற விமானத்துக்கு அது நடக்காது. பகலில் என் கட்சி மாறாது. லென்ஸைவிட முக்கியம் காற்று. தூரத்துப் புகைமூட்டம் தெரிந்தால் பொம்மை செத்தது. குளிர்காலக் காலையில், ஃபூஜி மலை தெரிகிற நாளில் எடுக்க வேண்டும். அப்புறம் நிறத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும், பொம்மைக்குப் பூசிய பெயின்ட் மாதிரி இருக்கும்.

தெருவிளக்கு:
இருவரும் எப்படி என்று பேசுகிறீர்கள். எனக்கு எதற்கு என்றே கேட்கத் தோன்றுகிறது. ஹனேடாவில் நானும் நின்றிருக்கிறேன். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி அனுப்பிய பிறகு, தரை ஊழியர்கள் வரிசையாக நின்று கையசைப்பார்கள், தலை வணங்குவார்கள். யாரும் பார்க்காவிட்டாலும் செய்வார்கள். எனக்கு டோக்கியோ என்றால் அதுதான். இந்த ஒன்பது படத்திலும் அவர்களைத் தேடினேன். ஒன்றில் இருக்கிறார்கள், மங்கலுக்குள் நான்கு மஞ்சள் புள்ளிகளாக. டோக்கியோவா சியோலா என்றே தெரியாத படத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

மூன்றாம்கண்:
ஜப்பானியப் புகைப்படக்காரர் ஹோன்ஜோ நவோகி பெரிய ஃபார்மட் கேமராவில் (பெரிய ஃபிலிம் தாளில் பதியும் கேமரா) இதே பொம்மைப் பாணியில் எடுத்த டோக்கியோ படங்களைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழகிப்போன ஊரை முதல் தடவை பார்ப்பது போல இருந்தது.

தெருவிளக்கு:
அவர் தன் நாட்டு ஊரைப் பார்த்தார். நாம் ஐந்து நாள் போய்விட்டு வருகிறோம். நமக்கு ஊர் இன்னும் பழகவே இல்லை.

ஓடுபாதை34:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நான்கு பேரை லென்ஸைச் சாய்க்காமலும் எடுத்திருக்கிறேன், கார்டில் கிடக்கிறது. கடைசியில் நிற்பவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருக்கிறார். பத்தாவது படமாக ஏற்றிவிட்டேன்.

மூன்றாம்கண்:
அண்ணா, அதன் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) அனுப்ப முடியுமா? தெளிவான பட்டையை அவர்கள் மேல் வைத்துப் பார்க்கிறேன்.