பழங்குடிப் பெண்களுக்கு முதுகுப் பராமரிப்பு சொல்லிக் கொடுத்தவர்களே, மனதைவிட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

நீலமலை_பிசியோ

நானே ஆரம்பிக்கிறேன். கூடலூர் பக்கம் பணியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பு, அங்கன்வாடிக் கட்டடம். வகுப்பு எப்படிப் போகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். முழங்காலை மடக்கு, குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடி, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வை. பெண்கள் உற்சாகமாகச் செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் கொழுந்து பறிப்பவர்கள். மழைக்காலத்தில் நனைந்த இலை மூட்டையைத் தலையில் வைத்து எடை போடும் இடம்வரை நடப்பவர்கள்.

ஒரு பெண் மட்டும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பிலும் முதுகிலும் வலி, ராத்திரி தூக்கமே இல்லை என்றாள். "வாம்மா, மெதுவா உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம்" என்று கையை நீட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளைப்பகுதி முழுக்க மஞ்சள். என்னோடு வந்திருந்த சுகாதாரப் பணியாளரும் அந்தச் சமூகத்துப் பெண்தான். சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவளுக்குச் சிக்கிள் செல் இருக்கு மேடம். ரெண்டு நாளா மழையில நனைஞ்சிருக்கா."

அது தசைப்பிடிப்பு வலியே இல்லை. சிக்கிள் செல் என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய். அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொண்டு எலும்புக்கு ரத்தம் போகாமல் வரும் வலி. குளிரும் தண்ணீர் குடிக்காமல் செய்யும் வேலையும் அதைக் கிளப்பிவிடும். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது கம்பளி, தண்ணீர், வலி மருந்து, ஆஸ்பத்திரி. ஜீப் வரும்வரை அந்தப் பணியாளர் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே 1952-ல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 2023 ஜூலையில் தேசிய ஒழிப்புத் திட்டமும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் கையில் இருக்கும் முதுகுவலிப் படவிளக்கத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. "நிமிர்ந்து உட்காருங்கள்" என்றுதான் முதல் வரியே. அந்தப் பணியாளர் அன்று வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஜவ்வாது_நர்சம்மா

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வட்டாரம், மலையாளி என்ற பழங்குடி மக்கள். வெளியூரில் இருந்து ஒரு குழு வந்து முதுகு வகுப்பு எடுத்தார்கள். எல்லோரையும் குந்தி உட்கார்ந்து எழச் சொன்னார்கள். சாமைக் கொல்லையில் நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கிற பெண்கள், குந்துவது அவர்களுக்குப் பெரிய விஷயமா? அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். வந்தவர் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். அவள் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தக் கை எனக்குப் பேசியது. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். எத்தனை வருஷமாக என்றால், "சின்னவன் பொறந்ததுல இருந்து நர்சம்மா" என்றாள். சின்னவன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பிரசவமான சூட்டோடு விறகுக் கட்டு தூக்கியவள். இத்தனை காலமும் எந்த முகாமுக்குப் போனாலும் "இடுப்பு நோவு" என்று மட்டும் சொல்லி, மாத்திரையும் தைலமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். புருஷனுக்கும் தெரியாது.

இடுப்பு வலி என்று சொல்லும் பெண்ணிடம் அதற்கு மேலே ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

யோகா_கோவை

ஆனைகட்டி பக்கம் இருளர் ஊரில் மகளிர் குழுவுக்கு வகுப்பு எடுத்தேன். மகராசனத்துக்குக் குப்புறப் படுக்கச் சொன்னதும் ஒரு பாட்டி அப்படியே தூங்கிப்போனார். எழுப்பப் போனேன், மருமகள் தடுத்துவிட்டார். "விடு கண்ணு, விடியக்காலம் எந்திரிச்சவங்க." அந்தக் குறட்டைச் சத்தத்தோடுதான் மீதி வகுப்பை நடத்தினேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதி இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கே எழுதிய இருவரும் நோயைப் பற்றியே சொல்கிறீர்கள். நோய் இல்லாத நூறு பெண்களை மறந்துவிடக் கூடாது. என் யோசனைகளைச் சொல்கிறேன், களத்தில் இருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தாடாசனம், கைகளை மேலே நீட்டி ஐந்து மூச்சு. பிறகு பூனை நீட்டுவதுபோல மார்ஜாரி ஆசனம். பகலில் குனிந்தே வேலை செய்தவர்கள் மாலையில் கட்டாயம் பின்புறமாக வளைய வேண்டும், அதற்குக் குப்புறப் படுத்து மார்பை நிமிர்த்தும் புஜங்காசனம். கர்ப்பிணிகள் இதைச் செய்யக் கூடாது. தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் வைக்காமல் பாதி வழியில் மாற்ற வேண்டும். பதினைந்து லிட்டர் குடம் என்றால் குடத்தின் எடை போகவே பதினைந்து கிலோ, அத்தனையும் ஒரு பக்கம் இழுக்கிறது. முடிந்தால் இரண்டு சின்னக் குடமாக எடுக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, பின்தலை, தோள், பிட்டம் மூன்றும் சுவரைத் தொடுகிறதா என்று தினம் பார்க்கச் சொல்லுங்கள். வலி அதிகமானால் மரப்பலகையில் படுத்து ஒரு மாதம் முழு ஓய்வு. முடிந்தவர்கள் காலையில் சூரிய நமஸ்காரம் ஆறு சுற்று செய்யலாம். வகுப்பை ஒரு தடவையோடு விடாமல், உள்ளூர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே தொடரச் சொல்வது நல்லது. குழந்தைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் அம்மாக்கள் தானாக வருவார்கள்.

செம்மண்

யோகா_கோவை அவர்களே, நான் இருளர் வீட்டுப் பொண்ணு, திருவள்ளூர்ப் பக்கம். நர்சிங் படிக்கிறேன். ஒரு மாதம் முழு ஓய்வு என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கொடுப்பார்கள்?

எங்க அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளையில் கல் அறுத்தவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு போனால் சீசன் முடியும்வரை அங்கேதான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. வெயில் ஏறும் முன் முடிக்க நடுராத்திரியிலேயே ஆரம்பிப்பார்கள். குந்தின நிலையில் மண்ணை அச்சில் அடித்து, கவிழ்த்து, அப்படியே பின்னாலே நகர்ந்து நகர்ந்து போவார்கள். நீங்கள் சூரிய நமஸ்காரம் சொல்லும் நேரத்தில் அம்மா கால் மரத்துப்போய் நிமிர முடியாமல் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஒரு தடவை சூளைக்கு மருத்துவ முகாம் வந்தது. அம்மாவிடம் "இனிமே குனியாதீங்க, உயரமான மேசையில வச்சு வேலை செய்யுங்க" என்றார்கள். அம்மா அமைதியாகத்தான் கேட்டார்: "கல்லு தரையிலதானம்மா காயணும்? மேசை மேல அறுத்தா, அத்தனை பச்சைக் கல்லையும் தூக்கித் தரையில வைக்கிறது யாரு?" அந்த டாக்டர் பதில் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். அம்மா பதிலுக்காக இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தது எனக்கு மறக்கவே மறக்காது.

எங்களுக்கு வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையை ஒரு நாள் கூட இருந்து பார்த்துவிட்டுப் பாடம் எடுங்கள். கல் அறுக்கிற பெண் எங்கே நிமிரலாம், எத்தனை வரிசைக்கு ஒரு தடவை நிமிரலாம், மண்ணை யார் குழைக்கலாம், அச்சை யார் கவிழ்க்கலாம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசினால் ஏதாவது வழி கிடைக்கும். கூலிக் கணக்கைப் பேசாமல் முதுகை மட்டும் பேசினால் ஒன்றும் நடக்காது.

எலும்பும்_தசையும்

செம்மண் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். யோகா_கோவை, மகராசனம், குடம் மாற்றுவது எல்லாம் சரி. பலகையில் ஒரு மாதப் படுக்கை ஓய்வு மட்டும் வேண்டாம், தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். சாதாரண முதுகுவலிக்குப் படுத்தே கிடப்பது தசையை இன்னும் தளர்த்தும். 2018-ல் லான்செட் மருத்துவ இதழ் முதுகுவலிக்கென்றே வெளியிட்ட கட்டுரைத் தொடரிலும் இதைத்தான் சொன்னார்கள்: முடிந்த அளவு நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட நமக்குக் கசப்பான விஷயம், 2008-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு. "இப்படித் தூக்கு" என்று பயிற்சி கொடுப்பதால் மட்டும் முதுகுவலி வராமல் தடுக்க முடிந்ததாக அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் நான் இப்போது எங்கே போனாலும் முதலில் சுமையின் எடையையும் வேலை நடக்கும் உயரத்தையும்தான் அளக்கிறேன்.

என் சந்திப்பு கொல்லிமலையில். சந்தைக்குப் பலாப்பழமும் மிளகும் சுமந்து போகிற பெண்கள். தரையிலிருந்து முழங்காலை மடக்கித் தூக்குவதைச் செய்து காட்டினேன். ஒரு அக்கா சொன்னார், "நாங்க எங்க தம்பி தூக்கறோம்? வீட்டுல ஆளு ஏத்தி விடும். வழியில இறக்குனா திரும்ப ஏத்தி விட யாரு இருக்கா? அதான் கழுத்து நொந்தாலும் இறக்காமப் போயிடறது." வலிக்கிற இடத்தில் இளைப்பாற முடியாமல் இருப்பதுதான் அங்கே பிரச்சினை.

சமவெளியில் நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு பலகைக் கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தவை நிறைய. தலைச்சுமையைக் குனியாமல் அப்படியே அதன்மேல் சரித்து வைக்கலாம், திரும்பவும் தனியாகவே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பேச்சை எடுத்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏற்றம் முடிகிற வளைவில் ஒன்று வைப்பது என்று முடிவாயிற்று. உயரம் எவ்வளவு என்று நான் டேப்பை எடுக்கும் முன்பே, ஊரிலேயே குள்ளமான பெண்ணைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவள் தோளுக்கு நேராக மரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார்கள். நெட்டையானவள் கொஞ்சம் குனிந்துகொள்ளலாம், குட்டையானவள் எப்படி எக்குவாள் என்பது அவர்கள் கணக்கு. வேலை செய்கிற இடத்தின் உயரத்தை யாரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

யோகா_கோவை

படுக்கை ஓய்வைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதை இனி சொல்ல மாட்டேன். செம்மண், உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

செம்மண்

சூளைக்குப் போவதை விட்டுவிட்டார். முழங்கால்தான் இப்போது தொந்தரவு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ அக்கா ஒருத்தர் வீட்டுக்கு வருகிறார். அவர் தரையிலேயே அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லிக் கொடுக்கிறார், அதனால் அம்மா தவறாமல் செய்கிறார்.

தாப்பா_செவிலி

மலேசியாவிலிருந்து. பேராக் மாநிலத்தில் செமாய் பழங்குடி மக்கள் ஊர்களுக்குப் போகும் குழுவில் இருந்தேன். அங்கே பெண்கள் முதுகுக்கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். கழுத்து போய்விடும் என்று குழுவில் ஒருவர் பட்டையைத் தோளுக்கு மாற்றி விட்டார். ஒரு அம்மா மரியாதைக்காகப் பத்தடி நடந்தார், ஆற்றங்கரைச் சரிவில் கூடை பக்கவாட்டில் ஆட, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றிப்பட்டை என்றால் தலையைச் சாய்த்த நொடியில் சுமை கீழே விழும், ஆள் தப்பிக்கலாம். தோளில் மாட்டினால் சுமையோடு ஆளும் உருளுவார்.

2005-ல் சயின்ஸ் இதழில் நேபாளச் சுமைக்காரர்களை அளந்து எழுதியிருந்தார்கள். நெற்றிப்பட்டையில் சுமக்கும் அவர்கள், முதுகுப்பை சுமப்பவர்களைவிடக் குறைந்த உடல் ஆற்றலில் அதிக எடையைக் கொண்டு போகிறார்கள். அதற்காகக் கழுத்து எலும்புக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. எடையைக் குறைக்கச் சொல்லலாம். பட்டையை மாற்றச் சொல்லும் முன் அந்தச் சரிவில் நாமே ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும்.

நீலமலை_பிசியோ

ஜவ்வாது_நர்சம்மா, ஒரு கேள்வி. உங்கள் பதிவைப் படித்த பிறகு கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதா என்பதை வகுப்புக்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பத்துப் பேர் நடுவில் எப்படிக் கேட்பது? அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று?

ஜவ்வாது_நர்சம்மா

அவளை அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போனேன். முதலில் கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ரிங் வைத்தார்கள், அவ்வப்போது போய்க் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொண்டாள். ஆபரேஷனுக்குப் பின் விறகு தூக்கக் கூடாது என்பதை அவளிடம் சொல்லிப் பயனில்லை என்று மாமியாரையும் புருஷனையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

நடுவில் வைத்துக் கேட்காதீர்கள், ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். வகுப்புக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கோ வீட்டுக்கோ போங்கள், கூட ஆண் ஊழியர் வேண்டாம். "உட்கார்ந்தா கீழ ஏதாவது எறங்கற மாதிரி இருக்குதா, இருமுனா மூத்திரம் சொட்டுதா, படுத்தா நோவு குறையுதா" என்று நேரடியாக அவர்கள் பேச்சிலேயே கேளுங்கள். ஆமாம் என்றால் அவளைக் குந்தச் சொல்லவும் வேண்டாம், எடை தூக்கிக் காட்டச் சொல்லவும் வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள். காய்ச்சல், மெலிவு, ராத்திரி வியர்வையோடு முதுகு நோவு என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும், முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். கால் மரத்துப்போய் மூத்திரம் தெரியாமல் போகிறது என்றால் அன்றைக்கே வண்டி ஏற்றுங்கள். உங்கள் ஊரில் மஞ்சள் கண்ணையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமூகத்துப் பணியாளர் இல்லாமல் வகுப்புக்குப் போகாதீர்கள், அவருக்கும் அன்றைய படியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.