லிடியாவின் சாட்சியும் ஜார்ஜ் வித்தும்

பொன்னி: பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்சனின் சட்ட ஆசான், 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், 1779-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் சட்டப் பேராசிரியர் என்று ஜார்ஜ் வித்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவருடைய சாவுதான் உறுத்துகிறது. 1806 மே மாதம் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில், அவர் வீட்டுக் காபியில் விஷம். சந்தேகம் சகோதரியின் பேரன் ஸ்வீனி மேல். அவன் காபிப் பாத்திரத்தருகே நின்றதையும், ஒரு தாளை அடுப்பில் போட்டதையும் பார்த்ததாகச் சொன்னவர் சமையல் செய்த லிடியா பிராட்நாக்ஸ். வித் இறந்தார், அவர் படிக்கவைத்த கறுப்பினச் சிறுவன் மைக்கேல் பிரவுனும் இறந்தான். ஆனால் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்பது வர்ஜீனியா சட்டம். ஸ்வீனி தப்பினான். சுதந்திரத்துக்குப் பின் அந்த மாநிலச் சட்டங்களைத் திருத்திய குழுவில் இருந்தவர் இதே வித்!

நீதிமணி: அந்தத் தடை காலனி காலத்திலேயே வந்தது, பொன்னி. தன் அடிமையாக இருந்த லிடியாவை 1787-லேயே விடுதலை செய்தவர் வித். 1806-ல் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கேட்ட ரைட் குடும்பத்தின் வழக்கைப் பாருங்கள். சுதந்திரம் ஒவ்வொரு மனிதரின் பிறப்புரிமை, ஒருவர் அடிமை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவரைத் தன் அடிமை என்று உரிமை கோருபவருடையது என்று நீதிபதியாகத் தீர்ப்பு எழுதினார் வித். அடிமை முதலாளிகள் நிறைந்த மாநிலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

பொன்னி: துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பன் சொத்து மூத்த மகனுக்கே என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்ன குழு அது. மத சுதந்திரத்துக்கும் மசோதா எழுதியது. சாட்சித் தடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது ஏன்? குழுவில் இருந்துவிட்டுப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது?

கடலோரன்: லிடியாவின் வாய் அடைபட்டதால் மட்டும் ஸ்வீனி தப்பவில்லை. பிரேதப் பரிசோதனை விஷத்தை உறுதியாகக் காட்டவில்லை. ஸ்வீனிக்காக வாதாடியவர்கள் எட்மண்ட் ராண்டால்ஃபும் வில்லியம் வர்ட்டும், சாதாரண வக்கீல்களா? அப்புறம், சாகும் முன் வித்தே உயிலை மாற்றி ஸ்வீனியை நீக்கினார். யார் செய்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பொன்னி: அப்படியானால் இன்னும் மோசம். எஜமானரின் நம்பிக்கை உயிலுக்குப் போதும். கூடவே விஷம் குடித்துப் பிழைத்த லிடியாவின் சொல் ஜூரிக்குப் போகக் கூடாதா?

நீதிமணி: கூடாது என்றது சட்டம், கொடுமைதான். ஆனால் வித் இறந்த சில மாதங்களில், அதே 1806 நவம்பரில், மேல்முறையீட்டு நீதிமன்றம் ரைட் குடும்பத்தின் விடுதலையை ஏற்றுக்கொண்டாலும், வித்தின் பிறப்புரிமை வாதத்தைக் கறுப்பினத்தவருக்குப் பொருந்தாது என்று வெட்டிவிட்டது. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர்கள் அந்த நீதிபதிகள்.