ஸ்டார் ட்ரெக் (1966) மறுபடியும் பார்க்க: எந்த வரிசை, எந்தப் பதிப்பு?

விண்கலவாசி:
முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் 79 எபிசோடுகளையும் திரும்பப் பார்க்க உத்தேசம். கையில் ப்ளூரேயும் ஐரோப்பிய டிவிடியும் உள்ளன. ஒளிபரப்பான வரிசையா, தயாரித்த வரிசையா? பின்னாளில் மாற்றிய புது கிராஃபிக்ஸா, பழைய காட்சிகளா? இன்னொன்று: ஒரே எபிசோடு ப்ளூரேயில் 50 நிமிடம், டிவிடியில் 48. எதை வெட்டியிருக்கிறார்கள்?

வார்ப்_ஆறு:
முதல் சீசனுக்குத் தயாரிப்பு வரிசைதான்.

'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' இரண்டாவது பைலட், அதாவது தொடருக்கு முன் எடுத்த சோதனை எபிசோடு. அதை மூன்றாவது வாரம், 1966 செப்டம்பர் 22 அன்று போட்டார்கள். ஒளிபரப்பு வரிசையில் போனால் முதல் இரண்டு வாரம் இருந்த கப்பல் டாக்டர் மெக்காய் திடீரென்று காணாமல் போய், பைப்பர் என்று வேறு டாக்டர் நிற்பார். சீருடையும் வேறு. கல்லறைக் கல்லில் கேப்டன் கிர்க்கின் பெயர் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கும். 'டி' பிறகு வந்தது.

எதிராளியை மயங்கவைக்கும் ஸ்பாக்கின் கழுத்துப் பிடியும் அப்படியே. அது உருவானது ஐந்தாவதாகத் தயாரான 'தி எனிமி விதின்' படப்பிடிப்பில். ஆனால் அதே பிடி வரும், ஏழாவதாகத் தயாரான 'தி நேக்கட் டைம்' ஒரு வாரம் முந்தி ஒளிபரப்பானது. மூன்றாவதாகத் தயாரான 'தி கார்பமைட் மனூவர்' பத்தாவதாகத்தான் வந்தது. அதில் தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவுக்கு இன்னும் சிவப்புச் சட்டை கிடையாது, மஞ்சள்தான். பத்தாவது வாரத்தில் பார்த்தால் குழப்பும்.

கதைக்குள் சொல்லும் கற்பனைத் தேதியான ஸ்டார்டேட்டை வைத்து அடுக்க வேண்டாம். 1512.2-க்கு அடுத்துத் தயாரான எபிசோடில் 1329.8 என்று பின்னால் போகும்.

குறுக்குக்கேள்வி:
முதல் சீசனுக்குச் சரி. இரண்டாவதற்கு ஒளிபரப்பு வரிசையே மேல். தயாரிப்பு வரிசையில் 'கேட்ஸ்பா'தான் முதலில் வரும்: சுமாரான கதை, கப்பல் அதிகாரி செக்கோவ் தலையில் விக். 1967 செப்டம்பரில் சீசனைத் தொடங்கிவைத்த 'அமாக் டைம்' எங்கே, இது எங்கே! மூன்றாவது சீசனுக்கு எந்த வரிசையும் உதவாது.

பிலிம்_சுருள்:
அந்த இரண்டு நிமிடத்தை யாரும் வெட்டவில்லை. தொடர் 35 மி.மீ. பிலிமில் நொடிக்கு 24 ஃப்ரேம் எடுத்தது. ஐரோப்பாவின் பால் (PAL) டிவி முறையிலான டிவிடி நொடிக்கு 25 ஃப்ரேம் ஓட்டுகிறது. வேகம் 4 சதவீதம் கூடி, 50 நிமிடம் 48 ஆகிவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் குரல்களும் முக்கால் அரைஸ்வரம் அளவுக்கு மேலே ஏறும். கிர்க்கின் குரலில் சட்டென்று தெரியும். கணினியில் பார்த்தால் பிளேயர் வேகத்தை 0.96 ஆக்குங்கள், அதோடு சுருதியைக் காக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீளம் சரியாகும், குரல் அப்படியே இருக்கும்.

நிஜமாகவே வெட்டியவை மறுஒளிபரப்புப் பிரதிகள். கூடுதல் விளம்பரத்துக்காகப் பல நிமிடம் போயிருக்கும், அதைச் சீராக்க வழியில்லை.

அமெரிக்க டிவிடி என்றால் நீளம் சரியாக இருக்கும். ஆனால் நகரும் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வரலாம். ஐந்து ஃப்ரேமுக்கு இரண்டு கலந்துபோவதால் வரும் வினை. கோடுகளை நீக்கும் சாதாரண டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டால் கோடு போகும், அசைவு விக்கும். கலந்த ஃப்ரேம்களைப் பிரித்து பழைய 24-ஐ மீட்கும் இன்வர்ஸ் டெலிசினி ஃபில்டர் போடுங்கள்.

விண்கலவாசி:
அப்பாடா! அப்படியானால் டிவிடியை ஓரம்கட்டிவிடுகிறேன். கிராஃபிக்ஸ்?

பிலிம்_சுருள்:
ப்ளூரேயில் இரண்டும் உண்டு. ரிமோட்டில் 'ஆங்கிள்' பொத்தானை அழுத்தினால் மாறும். பழைய காட்சிகளையும் மோனோ ஒலியையுமே சொல்வேன். பல அடுக்காகப் பிலிமை மறுபடி மறுபடி எடுத்துச் சேர்த்ததால் கப்பல் காட்சிகளில் மணல்மணலாகத் தெரியும், தூசும் இருக்கும். அது வட்டின் கோளாறு அல்ல. விதிவிலக்கு 'தி டூம்ஸ்டே மெஷின்' எபிசோடு. அதைப் புது கிராஃபிக்ஸில் பாருங்கள்.

டிவியில் 4:3 அளவை மாற்றாதீர்கள். திரையை நிரப்ப 'ஜூம்' செய்தால் படத்தின் உயரத்தில் கால்பங்கு போய்விடும். இழுத்து நிரப்பினால் என்டர்பிரைஸ் கப்பலின் தட்டு சப்பையாகிவிடும்.

குறுக்குக்கேள்வி:
'தி கேஜ்' முதல் பைலட்தானே என்று அதில் ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் சீசனின் 'தி மெனேஜரி' எபிசோடு இரண்டு பாகமும் அதன் காட்சிகளை எடுத்துத்தான் கட்டியது, முடிச்சு முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். முழுதாக 1988-இல்தான் ஒளிபரப்பினார்கள். 79-இல் அது சேராது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.