சொந்தபந்தம் குழு: மாடி கம்ப்யூட்டர் கீழ தெரியலை

பல்லடம் அக்கா: மாமா, மாடியில இருக்கற பில்லிங் கம்ப்யூட்டரோட ஷேர் ஃபோல்டர் கீழ லேப்டாப்புல தெறக்க மாட்டேங்குதுங்க. நெட் ரெண்டு பக்கமும் நல்லா வருது. ஃபயர்வாலை (வெளிய இருந்து வர்றதைத் தடுக்கற காவலை) ஆஃப் பண்ணியும் பாத்தாச்சு, வரலை. மாடிக்குத் தனியா ஒரு ரௌட்டர் போட்டிருக்குங்க.

பெருந்துறை மாமா: மொதல்ல ஃபயர்வாலை ஆன் பண்ணிப்போடு கண்ணு. அதை அணைச்சும் வரலைன்னா தடுக்கறது வேற எங்கியோ இருக்குது. ரெண்டு மிஷின்லயும் சிஎம்டி (கமாண்ட் அடிக்கற கருப்பு ஜன்னல்) தெறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடி. ஐபிவி4 அட்ரஸ் (மிஷினோட விலாசம்), டீஃபால்ட் கேட்வே (அது வெளிய போற ரௌட்டரோட விலாசம்) ரெண்டையும் இங்க போடு.

பல்லடம் அக்கா: கீழ 192.168.1.14, கேட்வே 192.168.1.1
மாடி 192.168.0.105, கேட்வே 192.168.0.1

பெருந்துறை மாமா: மூணாவது எண்ணைப் பாரு. கீழ 1, மாடியில 0. கீழ மோடத்துல இருந்து போற கேபிளை மாடி ரௌட்டரோட வேன் (WAN) போர்ட்டுல, அதான் வெளி நெட் வர்ற ஓட்டையில, சொருகியிருக்காங்க. அப்படிச் சொருகுனா மாடி தனி நெட்வொர்க் ஆயிடும். மாடி ரௌட்டர், உள்ள இருந்து கேட்டதுக்குப் பதில் வந்தா விடும், வெளிய இருந்து புதுசா வர்றதை விடாது. அதோட கணக்குல உன்ற கீழ் லேப்டாப்பும் வெளி ஆளுதான். அதனாலதான் நெட் வருது, ஃபோல்டர் வரலை.

கோவை தம்பி: டபுள் நேட். ஒரு ரௌட்டருக்குப் பின்னாடி இன்னொரு ரௌட்டர் தனி நெட்வொர்க் போட்டா அதுக்கு இதுதான் பேரு. கம்ப்யூட்டர் ஃபயர்வாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க்கா. தடுக்கறது மாடி ரௌட்டரு.

பல்லடம் அக்கா: அப்ப மாடி ரௌட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்றதை உள்ள ஒரு மிஷினுக்கு விடற ரூல்) போட்டா ஆகாதுங்களா?

பெருந்துறை மாமா: ஆகும், ஆனா வேண்டாம். ஃபோல்டர் ஷேரிங் போறது 445-ஆம் போர்ட்டுல. இது கேபிள் சொருகற ஓட்டை இல்லை, நெட்வொர்க்ல ஒரு வேலைக்குன்னு இருக்கற வாசல் எண். 2017 மே மாசம் வான்னாக்ரைங்கற பணம் கேக்கற வைரஸ் உலகம் பூரா பரவுனது அந்த 445 வழியாத்தான். அதைத் தெறந்து வெக்கற பழக்கமே ஆகாது. மாடிப் பெட்டி ரௌட்டர் வேலை பாக்க வேண்டியதே இல்லை, வைஃபை குடுத்தாப் போதும். ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கிடலாம். மெனுவுல ஆபரேஷன் மோடுன்னு இருக்குதா பாரு. இருந்தா அதுலயே ஆக்சஸ் பாயிண்ட் தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது.

பல்லடம் அக்கா: இல்லைங்க மாமா. பழைய மாடலு.

பெருந்துறை மாமா: செரி, கையாலதான் பண்ணோணும். வரிசை மாறக்கூடாது.

கீழ மோடத்துல டிஹெச்சிபி (மிஷினுகளுக்குத் தானா அட்ரஸ் குடுக்கறது) ரேஞ்ச் 192.168.1.2-ல இருந்து ஆரம்பிச்சுதுன்னா 192.168.1.30-ல இருந்துன்னு மாத்து. 2 முதல் 29 வரைக்கும் நம்ம கையில இருக்கட்டும்.

அப்பறம் மாடி ரௌட்டர்ல வேன் கேபிளைப் புடுங்கிட்டு, லேப்டாப்பை அதோட லேன் (LAN) போர்ட்டுல, அதான் வீட்டு மிஷினுகளைச் சேர்க்கற ஓட்டையில, கேபிள் போட்டுச் சேரு. ரௌட்டர் செட்டிங் பக்கத்துல லேன் ஐபியை 192.168.1.2ன்னு மாத்தி சேவ் பண்ணு. ரீஸ்டார்ட் ஆனதும் அந்தப் புது அட்ரஸ்ல மறுபடி உள்ள போயி டிஹெச்சிபி சர்வரை ஆஃப் பண்ணு. கடைசியா மோடத்துக் கேபிளை லேன் போர்ட் ஒண்ணுல சொருகு. வேன் போர்ட் காலியாவே இருக்கோணும்.

கோவை தம்பி: டிஹெச்சிபியை மொதல்லயே ஆஃப் பண்ணிட்டா லேப்டாப்புக்கு 169.254-ல ஆரம்பிக்கற அட்ரஸ்தான் வரும், ரௌட்டர் பக்கம் தெறக்காது. அதுக்குத்தான் ஐபி மொதல்ல, டிஹெச்சிபி பொறவு. இன்னொண்ணுங்க்கா, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஒரே ஒரு கேபிள்தான். ரெண்டு கேபிள் போட்டா லூப் ஆயி, டேட்டா சுத்திச் சுத்தி வந்து, கீழ மேல ரெண்டும் நின்னுபோயிரும்.

பல்லடம் அக்கா: மாத்தியாச்சுங்க. இப்ப மாடி 192.168.1.31, கேட்வே 192.168.1.1. ஆனா கீழ இருந்து பிங் (மிஷின் பதில் சொல்லுதான்னு பாக்கற கமாண்ட்) அடிச்சா ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்டுங்க.

கோவை தம்பி: நல்லதுதான். டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்னு வந்திருந்தா அந்த அட்ரஸ்ல ஆளே இல்லைன்னு அர்த்தம், கேபிள் பாக்கோணும். டைம்ட் அவுட்னா மிஷின் இருக்குது, பதில் சொல்லலை. இப்பத்தான் விண்டோஸ் ஃபயர்வால் வேலை.

கேட்வே மாறுனதால விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க்னு எடுத்துக்கிட்டு பப்ளிக்ல, அதான் நம்பக்கூடாத நெட்வொர்க் கணக்குல, போட்டிருக்கும். மாடி மிஷின்ல செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈத்தர்நெட். அங்க பப்ளிக்கை பிரைவேட் ஆக்குங்க. அப்பறம் கன்ட்ரோல் பேனல்ல ஃபயர்வாலுக்குள்ள அலோ ஆன் ஆப். ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்குல பிரைவேட் கட்டத்துல மட்டும் டிக் இருக்கோணும், பப்ளிக்ல வேண்டாம்.

பெருந்துறை மாமா: காசு குடுத்து வாங்குன ஆன்டிவைரஸ் இருக்குதா? இருந்தா பெரும்பாலும் அதுக்குன்னு தனி ஃபயர்வால் இருக்கும், அப்ப விண்டோஸ்ல டிக் போட்டுப் பிரயோசனம் இல்லை. அதுக்குள்ள போயி இந்த நெட்வொர்க்கை ஹோம்னோ ட்ரஸ்டட்னோ மாத்தோணும். நிறையப் பேரு சுத்திச் சுத்தி வர்றது இங்கதான்.

பல்லடம் அக்கா: ஆன்டிவைரஸ் இல்லீங்க. பிரைவேட் ஆக்குனதும் பிங் வந்துருச்சு. ஃபோல்டர் தெறந்தா யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குது, பின் நம்பர் போட்டா எடுக்கலைங்க.

கோவை தம்பி: பாஸ்வேர்ட் கேக்குதுன்னா நெட்வொர்க் பக்கம் எல்லாம் செரியாயிருச்சு. பின் அந்த மிஷின்ல உக்காந்து லாகின் பண்ண மட்டும்தான், ஷேருக்கு ஆகாது. அக்கவுண்ட்டோட உண்மையான பாஸ்வேர்ட் போடுங்க. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட்டையும் விண்டோஸ் வெளிய இருந்து விடாது, ஒண்ணு வெச்சே ஆகோணும்.

பெருந்துறை மாமா: கையோட மோடத்துல அட்ரஸ் ரிசர்வேஷன் (ஒரு மிஷினுக்கு எப்பவும் ஒரே அட்ரஸ்) போட்டுப்போடு. மாடி மிஷினோட மேக் அட்ரஸுக்கு (அதோட நெட்வொர்க் கார்டு எண்ணுக்கு) 192.168.1.20. சில மோடம் ரேஞ்சுக்குள்ள இருக்கற எண்ணைத்தான் எடுக்கும், அப்படின்னா 40 குடு. இல்லைன்னா கரண்ட் போயி வந்தா 31 வேறொண்ணாயிரலாம், அந்த எண்ணை வெச்சுப் போட்ட ஷார்ட்கட் செத்துப்போகும்.

காங்கேயம் சித்தப்பா: மச்சான், இதோட எனக்கும் சொல்லிப்போடுங்க. தோட்டத்து கேமரா டிவிஆருக்கு (படத்தைப் பதிவு பண்ற பெட்டிக்கு) ரௌட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் போட்டும் வெளிய இருந்து தெறக்கலை.

பெருந்துறை மாமா: மாப்ள, ரௌட்டர்ல ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபி, அதான் வெளிப்பக்க அட்ரஸ், என்னன்னு பாருங்க.

காங்கேயம் சித்தப்பா: 100.78-ல ஆரம்பிக்குது.

பெருந்துறை மாமா: அப்ப உங்க ரௌட்டர்ல என்ன போட்டாலும் ஆகாது. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் நெட் கம்பெனிக்காரன் பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபியைப் (வெளி உலகத்துக்குத் தெரியற அட்ரஸை) பிரிச்சுக் குடுக்கறதுக்குன்னு ஒதுக்குனது, இதுக்குப் பேரு சிஜிநேட். வெளிய இருந்து வர்றது அவன்ற பெட்டியிலயே நின்னுபோகும். 10-ல ஆரம்பிச்சாலும் அதே கதிதான். ஸ்டேடிக் ஐபி (உங்களுக்குன்னே தனியா, மாறாத பப்ளிக் ஐபி) கேட்டு வாங்கலாம், தனிக் கட்டணம் வரும். ஆனா கேமராவுக்கு அது அவசியமில்லை. டிவிஆர் மெனுவுல பி2பி ஆன் பண்ணி, அதோட ஆப்ல கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க. டிவிஆரே வெளிய போயி அந்தக் கம்பெனி சர்வர்ல சேந்துக்கும்.

கோவை தம்பி: போட்ட ஃபார்வர்ட் ரூலை அழிச்சுருங்க சித்தப்பா. யுபிஎன்பியையும் ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா டிவிஆர் தானாவே போர்ட் தெறந்துக்கும். நாளைக்கு ஸ்டேடிக் ஐபி வாங்குனா அன்னைக்கே அது ஊருக்கே தெறந்து கெடக்கும். அட்மின் பாஸ்வேர்டும் மாத்தோணுங்க. 2016-ல மிராய்னு ஒரு வைரஸ், கம்பெனியில இருந்து வந்த பாஸ்வேர்டை மாத்தாத கேமரா, டிவிஆரா தேடிப் புடிச்சுத்தான் உள்ள போச்சு.

காங்கேயம் சித்தப்பா: ரூலை அழிச்சாச்சு. பி2பி ஆன்லைன்னு காட்டுது, ஆப்லயும் படம் வருது.

கோவை தம்பி: வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க. வீட்டு வைஃபையில பாத்தா உள்ளுக்குள்ளயே சேந்து வந்துரும், வெளிய வருதான்னு தெரியாது.

காங்கேயம் சித்தப்பா: டேட்டாவுலயும் வருது தம்பி. நாலு கேமராவும் தெரியுது.