இத்தாலிய மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அக்கா மகள் மிலானில் ஓர் இத்தாலியரைக் கட்டியிருக்கிறாள். சம்பந்தி வீட்டார் டிசம்பரில் பினாங்குக்கு வருகிறார்கள். அவர்கள் மொழியில் நாலு வார்த்தையாவது பேச ஆசை. தினமும் ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகும் ஃபெர்ரியில்தான் படிப்பு.

'அவனுடைய', 'அவளுடைய' இரண்டுக்கும் வரும் 'சுவோ' (ஆண்பால்), 'சுவா'வில் (பெண்பால்) தடுமாறுகிறேன். தமிழில் அவனுடைய வீடு, அவளுடைய வீடு என்று உடையவரைப் பார்த்துச் சொல்கிறோம். பள்ளியில் படித்த ஆங்கிலமும் அப்படித்தான். இத்தாலியத்தில் பொருளின் பாலைப் பார்க்கிறார்கள். வீடு பெண்பால், அவன் வீடும் 'லா சுவா காசா', அவள் வீடும் 'லா சுவா காசா'. மரியாதையாக 'உங்கள் வீடு' என்றாலும் அதேதான்! யார் வீடு என்று தெளிவாகச் சொல்ல 'லா காசா தி லுயி' (அவன் வீடு), 'லா காசா தி லேய்' (அவள் வீடு) என்பது பேச்சில் இயல்பாக இருக்குமா?

அப்புறம் உறவுமுறை. 'மியா மாத்ரே' (என் தாய்) என்றால் முன்னால் 'லா' (ஆங்கில 'the' போன்ற முன்சொல்) வராது. பன்மையில் 'ஈ மியெய் ஃப்ராதெல்லி' (என் சகோதரர்கள்) என்று முன்சொல் வந்துவிடுகிறது. 'லா லோரோ மாத்ரே'யிலும் (அவர்களுடைய தாய்) உண்டு. இதுவரை சரி. ஆனால் 'அம்மா' என்னும் 'மாம்மா'வுக்கு 'லா மியா மாம்மா', 'மியா மாம்மா' இரண்டும் காதில் விழுகின்றன. சம்பந்தியம்மா முன்னால் எதைச் சொல்லட்டும்?

அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது குரல் பதிவாக அனுப்பினால் பெரிய உதவி. உச்சரிப்பையும் சேர்த்துப் பழகிக்கொள்வேன்.