மாற்றுத்திறனாளிச் சான்று, உதவித்தொகை, வேலை என்று அலைந்தபோது நடந்த மறக்க முடியாத ஒரு சம்பவம் – கடலூர், புதுவைப் பக்கத்து நண்பர்கள் எழுதலாம்

தென்பெண்ணைக்காரன்:

நாலு மாதமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

இடது காலில் இளம்பிள்ளை வாதம். 1998-ல் வாங்கிய பழைய அடையாள அட்டைப் புத்தகத்தில் 50 சதவீதம் என்று இருந்தது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் ஆற்றில் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகம் கூழாகிவிட்டது. எப்படியும் யுடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி தருகிற புது அடையாள அட்டைக்கு, மாற வேண்டியதுதானே என்று மருத்துவ முகாமுக்குப் போனேன்.

வரிசை, டோக்கன் எல்லாம் உங்களுக்கே தெரியும். என் முறை வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றார்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் பழகியது ஒன்றே ஒன்றுதான். யாராவது பார்க்கும்போது விந்தாமல் நடப்பது. கையைத் தொடையில் ஊன்றாமல், இடுப்பைக் கொஞ்சம் திருப்பி, காலை வீசிப் போட வேண்டும். ராத்திரி முதுகு வலிக்கும், பரவாயில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் அப்படித்தான் நடந்தேன். இண்டர்வியூவுக்குப் போனபோதெல்லாம் அப்படித்தான். அன்றைக்கும் அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் கால் தானாக அப்படிப் போய்விட்டது.

"நல்லாத்தானே நடக்கறீங்க!" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அந்த நொடிதான் இப்போதும் உறுத்துகிறது.

38 சதவீதம் போட்டார்கள். வெள்ளைக் கோடு போட்ட அட்டை வந்தது. 40-க்குக் கீழே என்றால் வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் நான் இல்லை. குரூப் 4-க்கு ஆறு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாகூர்ப் பொண்ணு:

அண்ணா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. என்னுடையதையும் சொல்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பிறந்தது பாகூர், கட்டிக்கொடுத்தது ரெட்டிச்சாவடி. பக்கத்து ஊர்தான், ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. யுடிஐடி அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். புதுச்சேரியில் வந்துகொண்டிருந்த உதவித்தொகை மட்டும் ரேஷன் கார்டில் பெயரை மாற்றியதோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் முதலிலிருந்து மனுப் போட வேண்டுமாம். போட்டேன்.

அந்த ஆபீசில் டோக்கன் நம்பரை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் வருகிற ஆபீஸ்! அன்றைக்குத் துணைக்கு யாரும் இல்லை, அவருக்கு ஷிப்ட். அதனால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "எனக்குக் காது கேட்காது. 27-ஆம் நம்பர் வந்தால் கை காட்டுங்கள்." மேசையில் வைத்துவிட்டு நேர் எதிரே உட்கார்ந்து, நம்பர் கூப்பிடுகிற அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்தார்கள். ஓடிப்போய் டோக்கனைக் காட்டினேன். "எங்கம்மா போனே, எத்தனை தடவ கூப்பிடறது" என்று உதடு அசைந்தது. மனுக்கட்டைப் புரட்டிக் காட்டினார். நான் எழுதி வைத்த தாள் என் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது. அதன்மேல் அன்றைய தேதி முத்திரை வேறு.

மஞ்சக்குப்பம் பெரியவர்:

தம்பிக்கு முதலில். நடையை மட்டும் பார்த்து சதவீதம் போடுவது முறையே கிடையாது. தசை வலு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, கால் எவ்வளவு குட்டை, எல்லாம் அளந்து, அதற்கென்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படிதான் கணக்குப் போட வேண்டும். நீங்கள் நன்றாக நடந்ததால்தான் குறைந்தது என்று நினைப்பது தவறு. உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் சான்று பற்றி மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அதற்கு முன்னால், உங்களை மதிப்பிட்ட படிவத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குத் தகவல் இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். "இந்தத் தேதியில் பதிவான அளவுகளின் நகல்" என்று கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதலாம், வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. எதையும் ஒரிஜினலாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பீரோவை நம்பாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு: அடுத்த முறை தாளை மேசையில் வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள் அம்மா.

நான் 31 வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். விருத்தாசலம் பக்கத்திலிருந்து பார்வையில்லாத ஒருவர் வந்தார். அவர் மனுவை நான் திருப்பிக் கொடுத்தேன். முதல் பக்கத்துக் கையெழுத்தும் கடைசிப் பக்கத்துக் கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்பது காரணம். "ரெண்டுல எது சரியா இருக்குன்னு சொல்லுங்க சார், அதையே போட்டுடறேன்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விதிப்படிதான் செய்தேன். அவர் மறுபடி வரவில்லை.

நெல்லிக்குப்பம் பையன்:

பெரியவர் ஐயா, கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? நம்பர் காட்டுகிற சின்ன எல்இடி போர்டு ஒவ்வொரு பேங்கிலும் இருக்கிறது. அதை மாட்டச் சொல்லி எழுதுங்கள். மாற வேண்டியது அந்த அக்கா இல்லை. நீங்கள் சொன்ன ஒவ்வொரு வழிக்கும் ஒரு நாள் கூலி போகிறது, ஆட்டோவுக்கு வேறு காசு. பட்டனைத் தட்டினால் நடந்துவிடும் என்பது மாதிரி சொல்கிறீர்கள்.

நான் சக்கர நாற்காலி. பி.காம். ஒரு தனியார் கம்பெனியில் கணக்காளர் வேலை, போனில் எல்லாம் பேசி முடித்து நேரில் வரச் சொன்னார்கள். போனால் ஆபீஸ் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. போனிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். மேனேஜர் இறங்கி வந்தார். பைக் ஸ்டாண்டில் வைத்து நாலு கேள்வி. நடுவில் தூறல் ஆரம்பித்தது. அவர் என் ஃபைலைத் தன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஜிஎஸ்டி பற்றிக் கேட்டார். உள்ளே இருந்தது என்னுடைய ஒரிஜினல் மார்க் ஷீட். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஃபைலைக் கொடுங்க சார் என்று கேட்க வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

வில்லியனூர் அம்மா:

சண்டை வேண்டாம் தம்பி. பெரியவர் தன் தப்பையும் சொல்லியிருக்கிறாரே, அதை எத்தனை பேர் சொல்வார்கள்.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். 15 வயதானால் ஆதாருக்கு மறுபடி கைரேகை கொடுக்க வேண்டும் இல்லையா? அதற்காகக் கூட்டிப்போனேன். அவனுக்குக் கை எப்போதும் இறுக்கமாக மூடியே இருக்கும். புது ஆள், புது இடம் என்றால் இன்னும் இறுகும். "கையை விரிக்கச் சொல்லுங்கம்மா" என்றார் அங்கிருந்தவர். சொன்னால் விரிக்கிற பிள்ளையா? அவரே கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் விரல் மடங்கிவிடும். பின்னால் வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் அவசரத்தில் அழுத்தினார். இவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். சிரிக்கச் சிரிக்க விரல் சிவந்துபோனது. நான் தடுக்காமல் நின்றேன். கார்டு நின்றுபோனால் பணம் நின்றுபோகுமே என்ற பயம்தான்.

பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண் பிள்ளைதான் எழுந்து வந்து, "அண்ணா, இவங்களுக்கு விதிவிலக்குன்னு போடலாம், போட்டோ எடுத்தா போதும்" என்றாள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கைரேகை கொடுக்க முடியாதவர்களுக்கு அந்த வழி முதலிலிருந்தே இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அப்போதும் சிரித்தான்.

பாகூர்ப் பொண்ணு:

அம்மா, அந்தப் பெண் மாதிரி ஒருத்தர் எல்லா ஆபீசிலும் இருந்தால் போதும். பெரியவர் ஐயா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கழுத்தில் மாட்ட மாட்டேன். அடுத்த தடவை நாத்தனாரைக் கூட்டிப்போகிறேன், அவளுக்கு ஒரு நாள் லீவு.

தென்பெண்ணைக்காரன்:

ஐயா, மேல்முறையீடு இருப்பது எனக்கும் தெரியும், போட்டும் விட்டேன். அளவு நாடாவை யாரும் எடுக்கவே இல்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். நீங்கள் படிவத்தின் நகல் கேட்கச் சொன்னது மட்டும் புதிது, அதைச் செய்கிறேன். நன்றி.

வருகிற புதன்கிழமை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "யாரும் பார்க்காதப்போ வீட்ல எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்க, அது போதும்" என்றாள் என் மனைவி. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு கூடத்தில் நடந்து பார்த்தேன். நாலைந்து தடவை போய் வந்தேன். எந்த நடை என்னுடையது என்று தெரியவில்லை.