அஞ்சு ரூபா காசு ஏழா, பத்தா? (பழைய கீபோர்டு வாங்குறவங்க கவனத்துக்கு)

பாலாறு74:
நேத்து ஒரு புண்ணியவான் இங்க எழுதியிருந்தார்: "செகண்ட் ஹேண்ட் கீபோர்டு வாங்கப் போனா கீ மேல அஞ்சு ரூபா காசு ஏழு அடுக்குங்க. ஏழாவதுல கீ இறங்கினா அதுக்கு அடியில இருக்கிற சுவிட்ச் நல்ல கண்டிஷன், கண்ணை மூடிட்டு வாங்கலாம்." இதை நம்பி வேலூர் லாங் பஜார் பக்கம் நாலு பேர் சில்லறையோட கிளம்பியிருப்பாங்க. எந்த அஞ்சு ரூபா சார்? 2019க்கு முன்னாடி வந்த மஞ்சள் காசு 6 கிராம். ஏழு போட்டா 42. எம்எக்ஸ் புளூ, அதான் செர்ரி கம்பெனியோட கிளிக் சுவிட்ச், அதுல கிளிக் ஆகுற புடைப்பைத் தாண்ட 60 சென்டிநியூட்டன் வேணும், அதாவது 61 கிராம். பத்து காசு போட்டாலே இழுபறி.

கோட்டைமேடு:
அந்தப் புண்ணியவான் நான்தான். நான் சொன்னது பழைய வெள்ளைக் காசு, 1992ல வந்த கெட்டிக் காசு. 9 கிராம். ஏழு போட்டா 63. எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தர வேணாம். ஏழுன்னா ஏழுதான்.

பாலாறு74:
"பழைய"ன்னு உங்க பதிவுல ஒரு எழுத்து இருக்கா? இருந்தா காட்டுங்க.

ஆம்பூர்க்காரன்:
ஏழோ பத்தோ, காசு முதல்ல இறங்குமா? காசோட அகலம் 23 மி.மீ. ஒரு கீயோட நடுவுல இருந்து அடுத்த கீயோட நடுவுக்கு 19.05 மி.மீ. கீ முழுசா இறங்க 4 மி.மீ. போகணும். அதுக்குள்ள காசு விளிம்பு பக்கத்துக் கீகேப் (கீ மேல இருக்கிற எழுத்து மூடி) சரிவுல உட்கார்ந்துடும், நீங்க சுவிட்ச் டைட்டுன்னு நினைச்சுக்குவீங்க. சுத்தியிருக்கிற ஆறு கீகேப்பையும் கழட்டணும். இல்லன்னா நடுவுல ஒரு சின்ன நட்டு வச்சு அதுமேல அடுக்கணும். நட்டு எடையையும் கூட்டிக்கணும்.

கோட்டைமேடு:
ஆறு கீகேப்பைக் கழட்டினா காயலான் கடைக்காரன் சும்மா விடுவானா? நட்டு வைங்க, யார் வேணாம்னா? விஷயம் இதுதான். ஒரே கீயை மட்டும் பார்க்காதீங்க. 'ஏ'ல ஒரு தடவை, ஆள் தொடாத எஃப்12ல ஒரு தடவை. ரெண்டும் ஏழுல இறங்கினா தேய்மானம் இல்ல. 'ஏ' ஆறுலயே இறங்கி எஃப்12 ஏழு கேட்டா, ராப்பகலா பில் போட்ட மெஷின், விலையைக் குறைச்சுக் கேளுங்க. ஸ்பேஸ்பார்ல வைக்காதீங்க, அதுக்கு அடியில தனிக் கம்பி இருக்கு. ஒவ்வொரு காசா மெதுவா வைக்கணும், மேல இருந்து போட்டா நாலுலயே இறங்கிடும். இதெல்லாம் தெரிஞ்சவன் ஏழுன்னு சொன்னா காரணம் இருக்கும்.

சத்துவாச்சாரி_சுவிட்ச்:
எடை வேற, விரலுக்குத் தெரியுற உணர்வு வேற. முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு முடிவு பண்ணுங்க. ஆல்ப்ஸ்னு இன்னொரு கம்பெனி சுவிட்ச்ல தூசி இறங்கியிருந்தாலும் காசு கணக்கு பெருசா மாறாது. ஆனா கீகேப்பை நடுவுல அழுத்தாம மூலையில அழுத்திப் பாருங்க, மணல் அரைக்கிற மாதிரி இருக்கும். ஐபிஎம்மோட பழைய கீபோர்டு மாடல் எம்ல பின்னாடித் தகட்டைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் ரிவெட்டு ஒடியும். கவிழ்த்து ஆட்டினா உள்ள கலகலன்னு துண்டு உருளும். தகடு தூக்கிக்கிட்டதும் ஒரு ஓரத்துக் கீயெல்லாம் மந்தமாகும். ஸ்பிரிங் அதேதான், காசும் அதேதான், உணர்வு போச்சு. 1.5 மி.மீ. பிட்டால துளை போட்டு எம்2, 8 மி.மீ. ஸ்குரூவும் நட்டும் மாட்டணும். ஒரு நாள் வேலை.

கோட்டைமேடு:
மாடல் எம் இங்க யாருக்குக் கிடைக்குது? வேலூர்ல கிடைக்கிறது பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. ஒரு கீகேப்பைக் கழட்டு, கூட்டல் குறி மாதிரி நீலத் தண்டு இருக்கா, மேல்மூடியில செர்ரின்னு பொறிச்சிருக்கா, பார்த்துக்கோ. அப்புறம் ஏழு காசு. முடிஞ்சது.

ராணிப்பேட்டை_ரிலே:
சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊருக்கு ஏற்கெனவே பட்டியல் இருக்கு. கிளிக் இல்லாத புளூ சுவிட்சையும் சேர்த்துடலாம் 😄

குடியாத்தம்_கீகேப்:
கோட்டைமேடு சார் போன தடவை சொன்னதும் ஞாபகம் இருக்கு. ஒரு தடவை தட்டினா ரெண்டு எழுத்து விழுதுன்னு ஒருத்தர் கேட்டதுக்கு "டபிள்யூடி-40 அடி"ன்னார். எண்ணெய் தங்கினா தூசி அப்பிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு அம்பது தடவை தட்டணும். அதுக்கும் சரியாகலன்னா ரெண்டு கால்லயும் ஈயத்தை எடுத்துட்டு சுவிட்சையே மாத்தணும்.

கோட்டைமேடு:
அது வேற திரி. அங்க வந்து பேசு. பழைய கீபோர்டு ஒயர்ல அஞ்சு பின் உருண்டை முனையைப் பார்த்ததுமே "சாதா கன்வர்ட்டர் போதும்"னு நீ சொன்னதையும் அங்கயே பேசுவோம். எக்ஸ்டி, ஏடின்னு ரெண்டு பழைய கம்ப்யூட்டர் வகைக்கும் முனை ஒண்ணு, சிக்னல் வேற, எக்ஸ்டின்னா சிப் வச்ச கன்வர்ட்டர்தான் வேணும்னு சொல்லிக் கொடுத்தது யாரு?

குடியாத்தம்_கீகேப்:
நீங்க இல்ல.

ஆம்பூர்க்காரன்:
நட்டு வச்சா அடுக்கு சாயும். அதுக்கு யாரும் பதில் சொல்லல.

புதுசு_ஆற்காடு:
நாளைக்கு ஒண்ணு பார்க்கப் போறேன். எங்கிட்ட வெள்ளை, மஞ்சள் ரெண்டும் கலந்து இருக்கு. எத்தனை வைக்கட்டும்?

கோட்டைமேடு:
வெள்ளையை மட்டும் எடுத்துக்கோ தம்பி. ஏழு.

பாலாறு74:
2007ல வந்த ஸ்டீல் அஞ்சு ரூபாவும் வெள்ளைதான் சார். அதுவும் 6 கிராம். பத்து.

கோட்டைமேடு:
கெட்டிக் காசுக்கு ஓரத்துல பள்ளம் ஓடும், விரலால தடவினாத் தெரியும். விரல்ல உணர்ச்சி இருக்கிறவங்களுக்குச் சொன்னேன். ஏழு.